ஒரு சுயாதீன இசைத் தயாரிப்பாளரின் முதல் விற்பனை

பாரத நாட்டின் இசை வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. புனே நகரம், கட்கி பஜார், மூன்றாவது சந்தில் சுனில் தன் உள்ளறைச் சுவரில் முதல் முட்டை அட்டையை ஒட்டியதற்கு முன்பு ஒரு பாகம். பின்பு ஒரு பாகம். முதல் பாகத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வேகமாகப் புரட்டிவிடலாம்.

சுனில் ஒரு 'சுயாதீன இசைத் தயாரிப்பாளர்'. அதாவது யாரையும் சார்ந்து நிற்காதவர். இந்தக் கொள்கையில் அவர் மகா கண்டிப்பு. அவர் உட்காரும் நாற்காலி, அப்பா ரவிசந்திரன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து வாங்கியது. மூன்று வேளைச் சாப்பாடு அம்மா மல்லிகாவின் உபயம். சத்தம் வெளியே போகாமல் தடுக்கும் முட்டை அட்டைகள், எதிர்க் கடை காசிம் பாய் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தவை. அந்த உள்ளறையோ தங்கை கீர்த்தியுடையது. மற்றபடி முழுச் சுயாதீனம்.

கீர்த்தி நர்ஸிங் முடித்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆறே மாசம் கீர்த்தி. ஒரு ஹிட்டு குடுத்துட்டு ரூமைத் திருப்பிக் குடுத்துர்றேன்" என்று சுனில் கேட்டு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவள் சமையலறையில், குக்கருக்கும் மிக்ஸிக்கும் நடுவில் உட்கார்ந்து இதயத்தின் நான்கு அறைகளைப் பற்றிப் படிக்கிறாள். கலைக்காக ஒரு குடும்பம் இவ்வளவு தியாகம் செய்யும்போது, அதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதும் ஒரு தியாகம்தான். அதைச் சுனில் நாள் தவறாமல் செய்துவந்தார்.

இசை அமைப்பது சுலபம், அதை எவனும் செய்துவிடுவான். தன்னைத் தானே விற்பதுதான் கலை. இந்தப் பேருண்மையைச் சுனிலுக்கு அருளியவர் புனேயின் வாகட் பகுதியில் வகுப்பு நடத்தும் 'இசைத் தொழில் வழிகாட்டி' தேஜஸ். வயது இருபத்து நான்கு. இதுவரை ஒரு பாட்டுகூட விற்றதில்லை. பாட்டு விற்பது எப்படி என்கிற வகுப்பை மட்டும் அறுநூறு பேருக்கு விற்றிருக்கிறார். விற்கத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"ப்ரோ, மியூசிக் இருபது பர்சன்ட். மீதி எண்பது பர்சன்ட் நீதான்" என்றார் தேஜஸ் இந்தியில்.

"அந்த இருபதை எப்ப செய்யணும்?"

"மொதல்ல எண்பதை முடி. அப்புறம் டைம் இருந்தா பாக்கலாம்."

சுனில் அன்றைக்கே எண்பதில் இறங்கினார். தான் டீ குடிப்பதை ஒரு ரீல் எடுத்தார். டீ ஆறும்வரை ஜன்னல் வழியாக லோக்கல் ரயிலைப் பார்த்துச் சிந்திப்பதை இன்னொரு ரீல். கேமரா பிடித்தவள் கீர்த்தி என்று எங்கும் போடவில்லை. போட்டால் 'பிராண்ட்' குழம்பும். நானூறு ராப் பாடகர்களுக்கு, "ப்ரோ, நான் உங்கள் வெறித்தனமான ரசிகன்" என்று தொடங்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார். தவறிப்போய்ப் பட்டியலில் சேர்ந்திருந்த ஒரு சமையல் கான்டிராக்டர் மட்டும் பதில் போட்டார்: "எத்தனை பிளேட்?"

ஸ்கூட்டரின் பின்னால் க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டினார். அதை ஸ்கேன் செய்தால் அவருடைய பக்கம் திறக்கும். ஒருநாள் பானிபூரி வண்டிக்கு அருகில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பதினோரு பேர் ஸ்கேன் செய்தார்கள், பானிபூரிக்குப் பணம் கட்டுவதாக நினைத்துக்கொண்டு. 'புதிய நேயர்கள்: பதினொன்று' என்று அந்த வார அறிக்கையில் குறித்துக்கொண்டார் சுனில்.

ஆனால் அவருடைய ஆகப் பெரிய சாதனை 'டேக்' என்பதுதான். பீட், அதாவது ராப் பாடகர்கள் மேலே பாடிக்கொள்ளும் தாள இசை, விற்கிறவர்கள் இணையத்தில் சாம்பிள் போடும்போது, எவனும் அப்படியே சுட்டுக்கொண்டு போகாமலிருக்க, நடுநடுவே ஒரு குரல் தங்கள் பெயரைச் சொல்லும்படி வைப்பார்கள். காசு கொடுத்தவனுக்குக் குரல் இல்லாத பீட் கிடைக்கும். சுனிலின் பீட்களில் ஒலித்தது கீர்த்தியின் குரல். ஒரு மதியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தியிருந்தார். வார்டில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கத்தில் அவள் கனிவாக, தெளிவாக, ஒரே மூச்சில், "சுனில் ஆன் த பீட்!" என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

முதலில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் குரல் வந்தது. திருட்டுப் பயம் கூடக் கூட இருபது விநாடி, பத்து விநாடி என்று நெருங்கி, கடைசியில் ஏழு விநாடிக்கு ஒருமுறை என்று நிலைத்தது. கட்கியில் சைக்கிள் திருட்டுப் போயிருக்கிறது. கோயில் வாசலில் செருப்பு போயிருக்கிறது. ஒரு தடவை தபால் பெட்டியே போயிருக்கிறது. சுனிலின் பீட் மட்டும் ஒன்றுகூடத் திருட்டுப் போனதில்லை. பாதுகாப்பு ஏற்பாடு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இப்படி எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோது, கலையின் நுட்பம் அறியாத ரவிசந்திரன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாடா சுனில், யாராச்சும் வாங்கினாங்களா?"

"ரீச் ஏறிக்கினே கீதுப்பா."

"அது ஏறட்டும். வாங்கினாங்களா?"

"வாங்கறதுக்கு முன்னாடி மக்கள் நம்மள ஃபீல் பண்ணணும்பா. அது ஒரு ஜர்னி."

"தோ பாரு. சதுர்த்திக்குக் கணபதி உக்கார்றதுக்குள்ள ஒருத்தன், ஒரே ஒருத்தன், சொந்தக்காரன் கெடையாது, தோஸ்த்து கெடையாது, மூணாவது மனுஷன், உன்கிட்ட எதையாச்சும் வாங்கணும். இல்லன்னா ரூமு கீர்த்திக்கு. தசரா முடிஞ்சதும் அவளுக்குப் பரீட்ச. அவ்ளோதான், பேச்சு முடிஞ்சிது."

"கலைய டெட்லைன்ல அடைக்க முடியாதுப்பா."

"முட்டை அட்டையில மட்டும் அடைக்கலாமா?" என்று சமையலறையிலிருந்து கீர்த்தியின் குரல் வந்தது. சுனில் அதைப் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

கணபதிக்கு நான்கு நாள் இருக்கையில் நகரத்தின் மறுகோடி ஹடப்சரிலிருந்து போன் வந்தது. லிஃப்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனி. பேசியவர் ராஜஸ்ரீ என்ற அதிகாரி. மராத்தியில் பணிவாகப் பேசினார்.

"உங்க சாம்பிள் எல்லாம் கேட்டோம் ஸார். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது."

சுனில் எழுந்து நின்றுவிட்டார். "நன்றி மேடம். எந்த பீட் பிடிச்சுது?"

"எல்லாத்துலயும் அது இருக்கே ஸார்."

"ஆமா, அது என்னோட முத்திரை."

"ரொம்பத் தெளிவு. ஆனா பின்னாடி ஏதோ சத்தம் வருது. அதை மட்டும் எடுத்துட்டு அனுப்ப முடியுமா?"

"பின்னாடி சத்தமா?"

"தட் தட்னு. பக்கத்துல கட்டட வேலை நடக்குதோ என்னவோ. அது இல்லாம அந்தக் குரல் மட்டும் வேணும். எங்க புது லிஃப்ட்டுக்கு."

மானமுள்ள எந்தக் கலைஞனும் அந்தக் கணமே போனை வைத்திருப்பான். சுனில் அவனைவிட ஒருபடி மேல். பத்து நிமிடம் அவகாசம் கேட்டுத் தேஜஸுக்குப் போன் போட்டார்.

"ப்ரோ, இதுக்குப் பேரு பிவட். அதாவது ரூட்டை மாத்தறது. உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பண்ணது" என்றார் தேஜஸ். "வித்துட்டு சொல்லு. என் கிளாஸ்ல உன்னை சக்ஸஸ் ஸ்டோரியாப் போட்டுக்கறேன்."

அன்று மாலையே சுனில் ஒரு காகிதத்தோடு சமையலறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம் என்பதால் கீர்த்தி புத்தகத்தை மூடினாள்.

"பதினாலு வரி கீது கீர்த்தி. மராத்தி, இந்தி, இங்கிலீஷ். இது ஒரு கான்செப்ட் ஆல்பம். சிட்டியில மனுஷன் மேலயும் கீழயும் போய்க்கினே இருக்கான் பாரு, அந்தத் தனிமை."

அவள் வாங்கிப் படித்தாள். "'கதவுகள் மூடுகின்றன.' 'எடை மிஞ்சிவிட்டது. தயவுசெய்து ஒருவர் வெளியே இறங்கவும்.' ஏண்ணா, இது பாட்டா?"

"மாடர்ன்."

"இத முடிச்சிக் குடுத்தா ரூமு கெடைக்குமா?"

"இது வித்துச்சின்னா நான் வெளிய ஸ்டூடியோ பாத்துக்குவேன். ரூமு உனக்குத்தான். ப்ராமிஸ்."

மறுநாள் காலை முழுக்கப் பதிவு நடந்தது. மின்விசிறி சத்தம் போடும் என்று அணைத்தாயிற்று. எதிரொலி வரும் என்று கீர்த்தியின் தலைமேல் கனமான ரஜாய்ப் போர்வையைப் போர்த்தியாயிற்று. ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, பாலத்தடியில் கணபதிக்காக டோல் மேளம் பழகுகிற கூட்டம் ஓயும்போதெல்லாம் தொடங்கி, அந்தப் பதினாலு வரிகளையும் மூன்று மொழியில் அவள் சொல்லி முடித்தாள். ரஜாய்க்குள்ளிருந்து வெளியே வந்தபோது குளித்துவிட்டு வந்தவள் போல நனைந்திருந்தாள். சுனிலும் களைத்துப் போயிருந்தார். பட்டனை அவர்தானே அழுத்தினார்.

கம்பெனி அனுப்பிய படிவத்தில் 'குரல் கொடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சுனில், சுயாதீனத் தயாரிப்பு' என்று அவர் நிரப்பினார். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது, மைக் அவருடையது. அவருடைய பிறந்தநாளுக்குக் கீர்த்தி தன் பயிற்சிச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

கணபதி உட்கார்வதற்கு முதல் நாள் அறிவிப்பு வெளியானது. "முதல் விற்பனை! யார் தயவும் இல்லாமல், யார் உதவியும் இல்லாமல், தனி ஒருவனாக." மல்லிகா பூரித்துப்போய்ச் சந்து முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்தார். ரவிசந்திரன் தொழிற்சாலை கேன்டீனில் நின்று, "எம் பையன் மியூசிக்கு இனிமே லிஃப்ட்ல வரும்" என்று சொன்னார். அவர் பேச்சு மாறாதவர். மூன்றாவது மனுஷன் வாங்கிவிட்டான், ரூம் பையனுக்குத்தான்.

கீர்த்தி மட்டும் கதவோரம் வந்து நின்றாள்.

"அண்ணா, வித்துடிச்சில்ல. ரூமு?"

"இப்பத்தான் கேரியர் கெளம்புது கீர்த்தி. இந்த நேரத்துல ரூம மாத்தினா சவுண்டு மாறிடும். புரிஞ்சிக்கோ."

அவள் திரும்பிப் போனாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சுனில் முடிவு செய்தார். பண்டிகை என்பதால் இரண்டு நாளாக அந்த வீட்டில் வெங்காயமே நறுக்கவில்லை.

ஏழாம் நாள், வாகடில் குடியிருக்கும் கிருஷ்ணஸ்வாமி வீட்டுக் கணபதியைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். கிருஷ்ணஸ்வாமி கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, ரவிசந்திரனுக்குக் கோயில் பழக்கம். வீடு பதினோராவது மாடி. வாசலுக்கே வந்து அழைத்தவர், "வாங்க, வாங்க. எங்க புது லிஃப்ட்டு இந்த வாரத்துல இருந்து புதுக் குரல்ல பேசுதுங்க. ஏதோ ஹடப்சர் கம்பெனிங்களாமா" என்றார்.

ரவிசந்திரனுக்கு முகம் மலர்ந்தது. "அரே, அதான்! அது எம் பையன் வேலை!"

சுனில் படிக்கட்டைக் காட்டினார். "அப்பா, படியில போலாம்பா. ஒடம்புக்கு நல்லது."

"பதினோரு மாடியா? என் முட்டி இன்னாத்துக்கு ஆவறது? உன் மியூசிக்க நான் கேக்க வாணாமா? சலோ."

லிஃப்ட் வந்து நின்றது. "தரைத் தளம். கதவுகள் திறக்கின்றன" என்று மராத்தியில் ஒரு குரல் சொன்னது. கனிவாக, தெளிவாக.

மல்லிகா தேங்காய்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "கீர்த்தி, நீயா பேசின?"

"நான் வாயே தொறக்கலம்மா" என்றாள் கீர்த்தி. சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். சுனில் தன் செருப்பைப் பார்த்தார்.

ஆரத்தித் தட்டுகளோடு குடியிருப்புப் பெண்கள் மூன்று பேர் முன்னால் ஏறினார்கள். அதில் ஒருவர் இந்தியில், "முன்னால இருந்த குரல் திட்டற மாதிரி இருக்கும். இது நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார். கிருஷ்ணஸ்வாமி ஏறினார். ரவிசந்திரன், மல்லிகா, கீர்த்தி ஏறினார்கள்.

"சுனில், மியூசிக்கு எங்கடா?" என்றார் ரவிசந்திரன்.

"பின்னாடி வரும்பா" என்று சொல்லிக்கொண்டே கடைசியாகச் சுனில் ஏறினார்.

லிஃப்ட் 'ங்ய்ய்' என்று முனகியது. "எடை மிஞ்சிவிட்டது. தயவுசெய்து ஒருவர் வெளியே இறங்கவும்" என்று கீர்த்தியின் குரல் மராத்தியில் கேட்டுக்கொண்டது. யாரும் அசையவில்லை. இந்தியில் கேட்டுக்கொண்டது. சுனில் மேலே விளக்கைப் பார்த்தார். ஆங்கிலத்திலும் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டது. சுனில் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி வாங்கியது மூன்று மொழிகள்தான். நான்காவதை, அதே குரல், அதே தெளிவோடு, நேரடியாக வழங்கியது.

"எறங்குண்ணா. அப்டியே வீட்டுக்குப் போயி என் ரூமையும் காலி பண்ணு."

ரவிசந்திரன் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு தானே கையை நீட்டி, மகனுக்கு வழி காட்டினார்.

யாரையும் சார்ந்து நிற்காத சுயாதீன இசைத் தயாரிப்பாளர் இறங்கினார். அவர் இறங்கியதுதான் தாமதம், அதுவரை நகராமல் நின்ற லிஃப்ட் மீதிப் பேர் அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று.