பதில் சொன்ன குருவி

"உண்மையைச் சொல்லுங்க. இது குருவியா, கம்ப்யூட்டரா?"

இசையமைப்பாளர் போனில் கேட்டதும் ஒலிப்பதிவாளருக்குக் காது சிவந்துவிட்டது. போன வாரம் பூங்காவில் எறும்புக்கடியோடு இரண்டு மணி நேரம் குப்புறக் கிடந்து பதிந்த குரல் அது.

"அசல் குருவி சார்! நம்ம ஊர்ப் பூங்காவுல, வேலியோரமாப் பதிஞ்சது."

"இந்தக் குழைவு வரலைன்னு என் வயலின்காரரே வில்லைக் கீழ வெச்சுட்டாரு. குருவிக்கு மட்டும் எப்படி வரும்? அதையே இன்னொரு தடவை பாட வெச்சு அனுப்புங்க. இல்லேன்னா படத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பன்னிரண்டு வருடம் கூட்டங்களுக்கு மைக் கட்டியவருக்கு இதுதான் முதல் படம்.

குருவியைப் பாட வைக்கத் தொழிலில் ஒரு வழி உண்டு. அதன் குரலையே ஒலிபெருக்கியில் போட்டால், எவனோ தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று சந்தேகப்பட்டுப் பதிலுக்குக் கத்தும். மறுநாள் விடிந்ததும் அதே பூங்காவில் போட்டார். எதிர் வேலியிலிருந்து உடனே பதில் வந்தது. பதிந்து அனுப்பினார்.

"பழசையே திருப்பி அனுப்பறீங்களே! ஒரு சுரம்கூட மாறலை."

"ஒழுக்கமான குருவி சார்."

"ஒழுக்கத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க."

அடுத்த நாள் சத்தத்தைக் கூட்டினார். குருவியும் கூட்டியது. இவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அனுப்பிய பதிவுக்கு இசையமைப்பாளரிடமிருந்து பதிலே இல்லை.

வீட்டில் விசாரணை வேறு.

"தினம் காலங்காத்தால பூங்காவுல யாருங்க உங்களுக்குப் பதில் சொல்றது?" என்றாள் மனைவி.

"குருவிம்மா."

"செல்லப் பேரு வேற வெச்சாச்சா?"

மூன்றாம் நாள் அவருக்கே சந்தேகம் வந்தது. தொழில் போட்டியில் எவனாவது விளையாடுகிறானோ? ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து அலறவிட்டபடி, முழங்கால் தேய வேலியை நோக்கித் தவழ்ந்தார். முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. எதிரே குழாயோடு தோட்டக்காரர்.

"யோவ், யாரு அது?"

"சத்தம் போடாதீங்க! குருவி பறந்துடும்."

"எந்தக் குருவி? நாலு நாள் முன்னாடி மரத்தை வெட்டினப்பவே போயிடுச்சே! வேலிக்கு அந்தாண்ட சினிமாவுக்கு மியூசிக் போடறவராம், 'ஒரு ஆளு எனக்குப் பொய்க் குருவி கொடுத்துட்டான், நேர்ல பார்த்தாத்தான் நம்புவேன்'னு மூணு நாளா அந்தச் சத்தத்தையே பெட்டில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்ற தோட்டக்காரர், இவர் கையிலிருந்த ஒலிபெருக்கியை உற்றுப் பார்த்தார்.

"அப்போ, அவருக்குப் பதில் சொல்ற குருவி நீங்கதானா?"