குறுக்கு விசாரணை அண்ணாச்சி

வந்த வாடிக்கையாளரைத் திட்டித் திருப்பி அனுப்புவதற்கென்றே திண்டுக்கல்லில் ஒருவர் கடை நடத்தினார். நடத்தியது பிரௌசிங் சென்டர். இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய புதிது. ஊரில் பாதிப் பேருக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோபம் மட்டும் எழுபது வயதுக்காரருடையது. அங்கே போய்வந்த மாணவர்கள் நாங்கள் வைத்த பெயர் குறுக்கு விசாரணை அண்ணாச்சி.

அவர் கடையில் ஒரே சட்டம். தேட வந்த விஷயத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கம்ப்யூட்டர்.

நத்தத்திலிருந்து ஒரு தோப்புக்காரர், மாமரத்தில் பூ கருகுவது பற்றிப் பார்க்க வந்தார்.

“எத்தன வருசமா மரம் வச்சிருக்கீங்க?”

“முப்பது வருசமா.”

“நெட்டுல எழுதுனவன் எத்தன மரம் வச்சிருக்கான்னு தெரியுமா?”

தோப்புக்காரர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்த பெண்ணையும் விடவில்லை. “நீ எழுதுன பரீட்சதான? எம்புட்டு வரும்னு நீயே சொல்லு.” அழுதுகொண்டே அவள் சொன்ன மார்க்குக்கும் திரையில் வந்ததற்கும் இரண்டே மார்க்தான் வித்தியாசம். நாங்கள்தான் ஏதோ தப்பு செய்தது போல அண்ணாச்சி எங்களை முறைத்தார்.

அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ‘எனது ஊர்’ என்று பத்துப் பக்கம் எழுதச் சொன்னார்கள்.

“என்னலே தேடப் போற?”

“அகரத்தப் பத்தி, அண்ணாச்சி.”

“நீ எந்த ஊரு?”

“அகரம்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “ஒன் ஊரப் பத்தி, அந்தப் பக்கமே வராத எவன்கிட்டயோ கேக்க வந்திருக்க. சரி, ஒங்க வயலுக்கு எங்கருந்து தண்ணி பாயுது?”

தெரியவில்லை.

“ஒங்க தாத்தா என்ன வெள்ளாம வச்சாரு?”

அதுவும் தெரியவில்லை.

“வீட்டுக்குப் போய் அப்பாட்ட கேளு. மிச்சத்த மெசின்ட்ட கேக்கலாம்.”

எனக்கு ஆத்திரம். நேரே அடுத்த தெருவிலிருந்த இன்னொரு சென்டருக்குப் போனேன். பத்து நிமிடத்தில் பத்துப் பக்கம். படித்துக்கூடப் பார்க்காமல் பைண்டு போட்டுக் கொடுத்தேன்.

பேராசிரியர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். “அகரத்து மக்களின் முக்கியத் தொழில் மீன்பிடித்தல்.” நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, ஒங்க ஊருல வலைய எங்க வீசுறாங்க, கெணத்துலயா?”

தமிழ்நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் ஓர் அகரம் உண்டு. நான் பிரிண்ட் எடுத்தது ஏதோ கடலோர அகரம். திங்கட்கிழமைக்குள் புதிதாக எழுதித் தராவிட்டால் மார்க் கிடையாது என்றார்.

சனிக்கிழமை நோட்டோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் போனேன். “இதயெல்லாமா காலேசுல கேக்குறாங்க?” என்றார் அப்பா. பிறகு பூப்பறித்தபடியே சொல்ல ஆரம்பித்தவர் இருட்டும்வரை நிறுத்தவில்லை. குடகனாற்றில் வெள்ளம் வந்த வருடம், பூ வாடிவிடுமே என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடந்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

எழுதியதை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். நின்றுகொண்டே படித்தார். அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதன்பின் கோபம் இன்னும் கூடியது.

“இம்புட்டு விசயம் வீட்டுக்குள்ள கெடக்கு. நெட்டுல அகரம்னு போட்டா கடலு வருது. எடுக்க மட்டும் வரிசையில நிக்கிறோம். ஒருத்தனாவது உள்ள போட்டோமா?”

நான்கு நாள் ஒற்றை விரலால் தமிழில் தட்டி, இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் அவரே ஏற்றினார். அவர் தட்டிய தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அகரம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

சில வருடங்களில் அப்பா போய்விட்டார். அவர் சொன்னதைப் படிக்க வேண்டும் போலிருந்தது. தேடினால் அந்தத் தளத்தையே இழுத்து மூடியிருந்தார்கள். என் நோட்டு எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தது. நெட் எதையும் மறக்காது என்று மேடையில் பேசுகிறவர்களை அன்றிலிருந்து எனக்குப் பிடிப்பதில்லை.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவரும் கடையை மூடியிருந்தார். ஒரு பிரிண்ட்கூட எடுத்து வைக்காததற்காகச் செத்த நேரம் திட்டித் தீர்த்தார். பிறகு குரல் இறங்கியது.

“பேனா எடு. ஒத்த வெரல்ல அடிச்சவன் நானு. மறந்துருமா?”

வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பூக்கூடையோடு அப்பா ஆற்றில் இறங்கியபோது, அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

“எழுதுறியாலே?”

“எழுதுறேன் அண்ணாச்சி,” என்றேன். அந்த மனிதரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.