டபுள்பெல் சாரின் நடைப் பள்ளிக்கூடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், அவ்வளவுதான். எழுத்துப்பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், சிலது மறந்தே போயிருக்கும். கோபித்துக்கொள்ளாமல் வாசியுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் பூமி சுற்றுவது ஒரு நாள் நின்றாலும் நிற்கும், டபுள்பெல் சார் நடப்பது நிற்காது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவர். ரிடையர் ஆன அன்றைக்கு அவருக்கு நாற்காலி போட்டு மாலை போட்டார்களாம். மாலையை வாங்கிக்கொண்டு நாற்காலியை டிரைவருக்குக் கொடுத்துவிட்டாராம். சாப்பாடு நின்றுகொண்டே. பேப்பர் வாசிப்பது நடந்துகொண்டே. கிழக்கேகோட்டையில் முதல் பக்கத்தைத் தொடங்கினால், விளையாட்டுப் பக்கம் முடியும்போது கரமனையில் இருப்பார். கல்யாணத்தன்றாவது உட்கார்ந்தாரா என்று, அவரிடம் படிக்கிற நாங்கள் அவர் வீட்டம்மாவிடமே ஒருநாள் கேட்டோம்.

"தாலி கெட்டும்போ இருந்தாரு. எழுந்தவருதான், பின்ன நான் கண்டதில்லை," என்றார் அந்த அம்மா.

பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு மணி அடித்தால் புறப்பட வேண்டும். அந்த இரண்டு மணிதான் டபுள்பெல். சார் வேலையை விட்டாரே தவிர மணியை விடவில்லை. இடுப்பு பெல்ட்டில் ஒரு சைக்கிள் மணியை மாட்டிக்கொண்டு திரிவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எங்களைப் புறப்படச் சொல்லி டிங் டிங் என்று அடித்தார். நாங்கள் புறப்படுவதற்குள், பக்கத்தில் நின்ற ஒரு பஸ், தன் கண்டக்டரைக் கீழேயே விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது. அந்தக் கண்டக்டர் டீ கிளாஸும் கையுமாக ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மறக்கவில்லை என்று சொன்னேன் இல்லையா, கதையே அங்கேதான் இருக்கிறது. எனக்கு எல்லாமே மறந்துகொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போய்விடுவேன். செருப்பைத் தேடித் தேடி அலுத்துப்போய்த் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தால், செருப்பு தயிருக்குப் பக்கத்தில் இருக்கும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் மலையாளம் பேசத்தான் வரும், வாசிக்க வராது. பஸ்ஸின் நிறத்தையும் நிற்கிற இடத்தையும் ஞாபகம் வைத்துத்தான் ஏறுவேன். அந்த ஞாபகமும் போனதால், கரமனைக்குப் போக ஏறியவள் கோவளம் கடற்கரையில் இறங்கி நின்றேன். கையில் பக்கத்து வீட்டுக்கு வாங்கிய முருங்கைக்காய்.

என் மகன் முருகேசன் கொச்சியில் வேலையாக இருக்கிறான். விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது.

"இனிமே நீ தனியா இருக்கப்படாதும்மா. வீட்டை வாடகைக்கு விட்ருவோம். எங்கூட வந்துரு. பதினாலாம் மாடி. லிஃப்ட் இருக்கு, நீ ஒரு படி ஏற வேண்டாம்."

மகன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் என் வீடு என் வீடுதானே. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தினமும் நடங்க, புதுசா எதையாவது படிங்க, மூளைக்கு நல்லது," என்று சொன்னதை அவனிடம் சொன்னேன். ஆரியசாலை வாசகசாலையில் நாலாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெரியவர்களுக்கு மலையாளமும் கணக்கும் சொல்லித் தருகிறார்கள், அதில் சேரப் போகிறேன் என்றும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"சரி, நீ பாஸாகிக் காட்டு. நான் அதுக்கப்புறம் வாயே திறக்கலை. பெயிலானா பெட்டியக் கட்டணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இப்படித்தான் அங்கே பாடம் எடுத்த டபுள்பெல் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் பதினோரு பெண்கள். முதல் நாள் போனபோது நாற்காலியெல்லாம் கூரை வரை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"எங்க இருக்கணும் சார்?" என்று கேட்டேன்.

"எங்கயும் இருக்கண்டாம். தலை ஒரு பஸ் ஸ்டாண்டாக்கும் அக்கா. ரத்தம்தான் பஸ்ஸு. படிச்சதெல்லாம் யாத்திரக்காரங்க. பஸ் வந்து சேரலைன்னா அவங்க என்ன செய்வாங்க? ஸ்டாண்டுலயே கிடந்து ஒறங்குவாங்க. நடந்தாத்தான் பஸ் மேல வரும். மனசிலாயோ?"

டிங் டிங். பதினோரு பேரும் தெருவில் இறங்கினோம். டிங் என்று ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், எதிரே இருக்கிற கடைப் பலகையை வாசிக்க வேண்டும். வாசித்தால் டிங் டிங். எனக்கு முதல் வாரம் முழுக்க வெட்கம் பிடுங்கித் தின்றது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். வாய்ப்பாடும் அப்படித்தான். பாத்திரக் கடையிலிருந்து கயிற்றுக் கடை வரை மூன்றாம் வாய்ப்பாடு, கயிற்றுக் கடையிலிருந்து வெல்ல மண்டி வரை நாலாம் வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போகும்போது சரியாக மிளகாய் வற்றல் கோடவுன் வந்துவிடும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லித் தும்மாமல் நாங்கள் ஒருநாளும் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

தப்பாகச் சொன்னால் தோப்புக்கரணம். எங்களோடு படித்த கல்யாணி மாமி கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருந்து வருகிறவர். அவர் சண்டைக்கே போய்விட்டார்.

"அது பிள்ளையாருக்குப் போடறது. உமக்கு எதுக்குப் போடணும்?"

"எனக்கில்லை மாமி, மூளைக்காக்கும். பிள்ளையாரு அத்தனை பெரிய தலையை வெறுதே வச்சிருக்காரா?"

மாமி யோசித்தார், போட்டார். ஆனால் இன்னொரு விஷயத்தில் மாமி விட்டே கொடுக்கவில்லை. தெருவை நாங்கள் தினமும் வலமாகத்தான் சுற்றுவோம். திருப்புதல் பாடம் என்று ஒருநாள் சார் இடமாகத் திருப்பினார். "அப்பிரதட்சணமா நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன், கேட்டேளா," என்று மாமி நின்றுவிட்டார். கடைசியில் நாங்கள் பத்துப் பேர் இடமாகவும் மாமி ஒருத்தர் வலமாகவும் போவதாக முடிவாயிற்று. பாதி வழியில் எதிரெதிரே வந்தோம். நாங்கள் ஒன்பதாம் வாய்ப்பாடு, மாமி மூன்றாம் வாய்ப்பாடு. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சுமைதூக்கும் அண்ணாச்சி தலையில் மூட்டையோடு, "யம்மா, விடை எதுன்னு முடிவு பண்ணிட்டு வழி விடுங்க," என்றார்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தெருவே சிரித்தது. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதத்தில் இரவில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். பால் பொங்கவில்லை. செருப்பு வாசலிலேயே இருந்தது. பஸ் பலகையில் 'கரமன' என்று எழுத்துக் கூட்டி வாசித்துக் கரமனையிலேயே இறங்கினேன். டாக்டரம்மாவிடம் சாரின் பஸ் ஸ்டாண்டுக் கதையைச் சொன்னேன். "பஸ் கதை எனக்குத் தெரியாது. நடக்கிறது மூளைக்கு நல்லதுதான், படிக்கிறதும் நல்லதுதான். நிறுத்திடாதீங்க," என்று சிரித்தார்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயது டீச்சர் காவல். பதினோரு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தபோதே எங்களுக்குக் கையும் காலும் ஓடவில்லை. முதலில் கணக்கு. ஒரு பெட்டியில் எட்டு மாம்பழம், ஏழு பெட்டியில் எத்தனை என்று கேட்டிருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. பின்னால் மாமி தும்மினார். அப்புறம் வரிசையாக ஒன்பது தும்மல். பதினோரு பேரும் குனிந்து ஐம்பத்தாறு எழுதினோம்.

"எந்தா அம்மே இது? தும்மலில கோப்பியடியா?" என்று டீச்சர் எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு வழுக்கைத் தலை இடமிருந்து வலமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது. சார்தான். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"யாரது? எத்தனை தடவை போனா எத்தனாவது விடை?" என்று டீச்சர் என்னைத்தான் கேட்டார். நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அவரே வெளியே போய்ச் சத்தம் போட்டார். இன்னொரு தடவை நீங்கள் நடந்தால் எல்லாருடைய பேப்பரையும் வாங்கிவிடுவேன் என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சார் எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி. இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாமி கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

மலையாளப் பேப்பரில் கடைசிக் கேள்வி, உங்கள் வீட்டைப் பற்றி நாலு வாக்கியம் எழுதுக. எனக்கு வீடு தெரிந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. ஒரு எழுத்துகூட. கொச்சியில் பதினாலாம் மாடிதான் கண் முன்னால் வந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். முட்டிவலியில் பாதிதான் இறங்க முடிந்தது. திரும்பிப் பார்த்தால் பதினோரு பேரும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறோம்.

தோப்புக்கரணத்துக்கு மலையாளத்தில் ஏத்தம் என்று பேர். டீச்சர் போனை எடுத்து மேலதிகாரியைக் கேட்டார். "சாரே, எல்லாரும் ஏத்தமிடுறாங்க. ஏத்தமிடுறது கோப்பியடியில வருமா?" அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். டீச்சர் போனை வைத்துவிட்டு, "சத்தம் போடாம இடணும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவரும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டார்.

ஏழாவது தடவை இறங்கி ஏறும்போது எழுத்து வந்தது. எழுதினேன். என் வீடு சின்னது. வாசலில் ஒரு குழாய் உண்டு. அது ஒழுகும். எனக்கு இந்த வீடு போதும்.

பாஸாகிவிட்டேன். மாமியும் பாஸ். முருகேசன் வந்து சர்டிபிகேட்டை இரண்டு தடவை வாசித்தான். "சரிம்மா, நீ இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே குழாயைச் சரிசெய்ய ஆள் கூட்டி வந்தான்.

டபுள்பெல் சாருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால்தான் இவ்வளவும் கூச்சமில்லாமல் எழுத முடிந்தது. தேதி, கடை வரிசை, அவர் எத்தனை வருஷம் பஸ்ஸில் போனார் என்பதெல்லாம் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். ஆரியசாலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரோடு கூட நடந்து, கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலையில் என் வீட்டுக் கதவை நானே திறக்கிறபோது, சாமிக்கு முன்னால் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. இந்த ஒரு வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டாம்.