இடம் பார்த்துப் போடவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். போனில் பேசினால் தாங்கள் சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் என் காதில் விழாது.

தங்கள் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து மூன்று மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. பதினாறு படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. தையல் மெஷின் மாடியில், அவள் கீழே. தச்சர் இரண்டே நாளில் கைப்பிடி வைத்திருப்பார். "வேண்டாம், கைப்பிடியைத் தாங்கற பன்னிரண்டு மரக்காலையும் நானே கடைஞ்சு தரேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடி அறையில் மரம் கடைய வைத்திருக்கும் என் கடைசல் மெஷின் தன் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காலுக்கு நான்கு நாள் ஆகும், ஆகட்டுமே. "அத்தான், இதுக்கு உயிரே இல்லை. கழட்டிப் போட்ட வாஷிங் மெஷின் மோட்டாரை மாட்டினா பறக்கும்" என்று சொன்னது யார்? லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மைத்துனர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

முதல் நாள் பெல்ட் அறுந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தது, தடிமனான பெல்ட் போட்டால் சரியாகிவிடும் என்றீர்கள், தடிமனான பெல்ட் போட்டதும் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து அறையின் இந்த மூலையிலிருந்து வாசல்வரை நடந்தே போயிற்று, நான் உளியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன், தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று வந்தீர்கள், முடுக்கியதில் நான்கு டைல்ஸ் வாயைப் பிளந்தன. இனிமேல் தாங்கள் நீங்கள் எல்லாம் எழுத என்னால் ஆகாது. நீ என்றே எழுதுகிறேன். அதோடு விட்டாயா நீ? இரண்டு பக்கமும் சுற்றினால்தான் வழவழப்பு வருமாம், யாரோ வீடியோவில் சொன்னானாம், திருகுகிற சுவிட்ச் ஒன்றை மாட்டி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தச் சீட்டுதான் இன்று என் மானத்தை வாங்கியது.

என்ன எழுதியிருந்தாய்? "சுவிட்சை இடம் பார்த்துப் போடவும்." முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். எனக்குத் தமிழ் தெரியாதா? இடம் பார்த்தேன். அறையைப் பெருக்கினேன். ஸ்டூலை நகர்த்தினேன். சுற்றுமுற்றும் இரண்டு தடவை பார்த்து, இடம் சுத்தமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, சுவிட்சை வலது பக்கம் திருகினேன். மெஷின் தலைகீழாகச் சுற்றியது. மரத்தைக் கவ்விப் பிடிக்கிற சக், திருகி மாட்டினதுதானே, தானே கழன்றுகொண்டு தரையில் விழுந்து, நன்றாக இருந்த இன்னொரு டைல்ஸையும் உடைத்தது. மரம் மேலே போய் மின்விசிறியின் ஒரு இறக்கையை மடக்கிவிட்டு ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே போயிற்று. அது முக்கால்வாசி முடிந்த கால். இடது பக்கம் என்றால் இடது பக்கம் என்று எழுத வேண்டியதுதானே, அந்த 'து'வைச் சேர்த்தால் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுமா? மூன்று மாதத்தில் ஒரே ஒரு கால் முடிந்திருக்கிறது. உன் அக்கா தினமும் கீழிருந்து, "எத்தனை ஆச்சு?" என்று கேட்கிறாள். நான், "ஆயிட்டிருக்கு" என்கிறேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது தெரியுமா?

ஆகவே இனி நீ என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். அதில் உனக்குப் பங்கு கிடையாது.

இப்படிக்கு,
உன் அத்தான் (இந்தக் கடிதம்வரை)

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் உன் அக்கா அறை வாசலில் நிற்கிறாள். முகமெல்லாம் வியர்வை. சுவரிலிருந்து கழன்று கீழே விழுந்து கிடந்த உன் சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "பின்னாடி அம்புக்குறி போட்டுப் படமே வரைஞ்சிருக்கானே, நீங்க ஏன் படத்து மேல பசை தடவி அதைச் சுவத்துப் பக்கமா ஒட்டினீங்க?" என்றாள். அதை விடு. எப்படி ஏறி வந்தாய் என்று அவளைக் கேட்டேன். "உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியா. அவ்வளவு சத்தம் கேட்டுச்சு, அப்புறம் உங்க குரலே இல்லை. எது உடைஞ்சாலும் தெருவுக்கே கேக்கற மாதிரி திட்டுவீங்க. அரை மணி நேரமா ஒரு திட்டும் வரலைன்னா நான் என்னன்னு நினைக்கறது?" என்றாள். எல்லாத் திட்டையும் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன், வாயால் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஏறிவிட்டாள், இறங்கப் பயப்படுகிறாள். உனக்குப் போன் போட்டுவிட்டாள். வா. வரும்போது தச்சரையும் கையோடு கூட்டிக்கொண்டு வா.