வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கும் மச்சானுக்கு, கப்பல் விமானியின் தகப்பன் எழுதியது

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கு நீயும் உன் வீட்டாரும் கண்ணாடிக் கடையும் சௌக்கியம் என்று தெரியும். நேற்றுத்தானே நீ வந்து, வாசல் கேட்டுக்கு வெளியே நின்று அக்காவிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நேரில் பேச வாய் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற கை இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், அடுத்த மாதம் பத்தாம் தேதி என் மகள், உன் மருமகள், தன்னுடைய விமானப் பிரிவுக்கே தலைவியாகப் பொறுப்பேற்கிறாள். பன்னிரண்டு போர் விமானம், நூற்றைம்பது ஆள், எல்லாம் அவள் சொன்னபடி. நம் வீட்டில் பீரோச் சாவியைக்கூட நான் அவளை நம்பிக் கொடுத்ததில்லை. போனில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "மாமா வரணும்ப்பா" என்றாள். "அதுக்கென்ன, நீயே சொல்லிடு" என்றேன். "நான் ஏன் சொல்லணும்? வராதேன்னு சொன்னது யாரு? சொன்னவரே கூப்பிடட்டும்" என்று போனை வைத்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த உன் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்றாள். ஆக வீட்டில் இரண்டு ஓட்டு உன் பக்கம். என் ஓட்டாவது எனக்கு விழுமா என்று எனக்கே சந்தேகம்.

அன்று நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், நீ சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். அவள் பட்டப்படிப்பு முடித்த வருஷம் உன் கடைக்கு வந்து, கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியோடு நிற்காமல் அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் சேர்த்து வாசித்திருக்கிறாள். நீ உடனே, "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்து என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டு, கடற்படை விமானி வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்து, 'குடும்பத்தார் சம்மதம்' என்ற இடத்தில் நீயே கையெழுத்தும் போட்டுவிட்டாய். எனக்குத் தெரியவரும்போது தேர்வுக்கு அழைப்பே வந்துவிட்டது. நான் யார்? டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அடுத்தவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் என் வயிற்றுப்பாடு. எனக்கு மிதிக்க எதுவுமே இல்லாத ஒரு வண்டியில் ஏறி என் பெண் கடலுக்கு மேலே போகிறாள் என்றதும் புத்தி பிசகிவிட்டது. "கண்ணாடி விக்கிறவன் என் பொண்ணைக் கடல்ல தள்றதா? இனிமே என் வீட்டுப் படியை மிதிக்காதே" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கோபத்தில் சொன்னதுதானே என்று நீயாவது ஒரு வாரம் கழித்து வந்திருக்கலாம். ரோஷக்காரன். பதினான்கு வருஷமாகக் காபி டம்ளர் கேட்டுக்கு மேலே போய், மேலேயே திரும்பி வருகிறது. மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறாய்.

அவள் வேலையைப் பற்றி உனக்கும் சொல்லியிருப்பாள். ஆனால் நான் புரிந்துகொண்ட அழகை நீ கேட்கவேண்டும். விமானம் தாங்கும் கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே எஃகு வடங்கள் கட்டியிருக்குமாம். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. கொக்கி ஏதாவது ஒரு வடத்தில் மாட்டினால் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் தளம் முடிந்து கடல். "நீ இறங்கற வரைக்கும் கப்பலை நிறுத்தி வெப்பாங்கல்ல?" என்று கேட்டேன். "நிறுத்த மாட்டாங்கப்பா. காத்துக்கு எதிரா இன்னும் வேகமா ஓட்டுவாங்க" என்றாள். ரோடே ஓடினால் ஓட்டுகிறவள் என்ன செய்வாள் என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இதைவிடக் கொடுமை, தளத்தைத் தொட்ட நொடியில் விமானி முழு வேகம் கொடுக்கவேண்டுமாம். கொக்கி தப்பினால் அப்படியே மேலே ஏறிச் சுற்றி வரவேண்டுமே, அதற்காக. நம் பிள்ளையோ நான் வளர்த்த பிள்ளை. பயிற்சியில் சக்கரம் தரையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலால் பிரேக்கைத் தேடியிருக்கிறாள். பயிற்சி அதிகாரி, "யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்க, "எங்கப்பா சார், டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கார்" என்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்குப் படையில் பட்டப்பெயர் 'பிரேக்கு'. கூட்டாளிகள் வைக்கிற அந்தப் பெயர்தான் ரேடியோவில் கூப்பிடவும், விமானத்தின் பக்கவாட்டில் எழுதவும். நான் சொல்லிக் கொடுத்ததை மறக்க அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. மறந்தாள். இதுவரை நானூறு தடவைக்கு மேல் கப்பலில் இறங்கிவிட்டாள்.

போன மாதம் குடும்பத்தாரைக் கப்பலுக்கு அழைத்துக் காட்டினார்களே, அதில் உன் அக்கா உன்னிடம் பாதியை மறைத்திருப்பாள். மீதியைக் கேள். கைப்பிடிக் கம்பி போட்ட மாடத்தில் காதடைப்பு மாட்டி எங்களை நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் கப்பல் தலைவரின் மாமியார். நம் பிள்ளை தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள், மூச்சு விடுவதற்குள் பெரிதானாள், தளத்தைத் தொட்டாள், கொக்கி மாட்டவில்லை, பொறி பறந்தது, தளம் முடிந்தது, விமானத்தைக் காணோம். என் வலது கால் என்னைக் கேட்காமலேயே முழு பிரேக் அடித்தது. அடித்த இடத்தில் அந்த மாமியாரின் கால் இருந்தது. அந்த அம்மா போட்ட சத்தம் காதடைப்பைத் தாண்டி வந்தது. அதற்குள் இவள் கடலுக்கு மேலே ஏறிச் சுற்றி வந்து, இரண்டாவது தடவை கொக்கியை மாட்டி, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தமாதிரி நின்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அங்கே நாற்காலி இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

கூத்து அதோடு முடியவில்லை. ஒவ்வொரு தடவை இறங்குவதற்கும் தளத்தின் ஓரத்தில் நின்று மார்க் போட ஓர் அதிகாரி உண்டு. அந்த மார்க்கை விமானிகள் அறைச் சுவரில், எல்லாரும் பார்க்க, வண்ணப் பொட்டாக ஒட்டுகிறார்கள். நன்றாக இறங்கினால் பச்சை, கொக்கி தப்பினால் நீலம். நம் பிள்ளை பெயருக்கு நேரே புதிதாக ஒரு நீலப் பொட்டு. விடுவேனா? "சார், நானும் மார்க் போடற ஆளுதான். ரெண்டாவது தடவை ஒழுங்கா நிறுத்தினா முதல் தடவையை விட்டுடுவோம்" என்று வழக்குக்குப் போனேன். அவர் பொறுமையாக, "இங்க அப்படி விட்டா ஆள் மிஞ்சாதுங்க. அலை கப்பலைத் தூக்கிச்சு, கொக்கி துள்ளிடுச்சு, அவங்க தப்பில்ல. ஆனா தொட்ட உடனே முழு வேகம் வெச்சாங்க பாருங்க, அதனாலதான் நீங்க இப்போ நிம்மதியா என்கூட சண்டை போடறீங்க. அந்த வரிசையை முழுசாப் பாருங்க" என்றார். பார்த்தேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சை. அவள் வேர்வையோடு ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "விடுங்கப்பா, அந்த நீலத்தை ஒட்டினதே நான்தான்" என்றாள்.

மச்சான், அந்தச் சுவருக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்துவது. அவளை உயிரோடு வைத்திருப்பது, நிற்க முடியாத இடத்தில் வேகம் கொடுக்கிற நெஞ்சு. அந்தச் சம்மதத்தை என்னிடம் கேட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். நீ போட்டாய். நான் அன்று சொன்னது தப்பு. பதினான்கு வருஷம் அதைத் தப்பு என்று சொல்லாமல் ஜன்னலுக்குப் பின்னால் நின்றது அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துவிடு.

பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வா. கேட்டைத் திறந்து, படியேறி, உள்ளே வா. அங்கிருந்து உன்னை நானே கப்பலுக்கு அழைத்துப் போகிறேன். எங்கே நிற்கவேண்டும், என்ன பேசவேண்டும் என்று சொல்லித் தருகிறேன். பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில், முன்வரிசையில் என் பக்கத்திலேயே உனக்கு ஓர் இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு.

உன் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் ரோஷத்துக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரர் கப்பல் அழைப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பெயர் உன்னுடையது, முன்வரிசை. அடுத்தது உன் அக்கா. என் பெயரை அட்டையின் இரண்டு பக்கமும் தேடினேன், உறைக்குள்ளும் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே மட்டும், 'துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்' என்று போட்டிருக்கிறது. மகளுக்குப் போன் போட்டால், "அது மாமா இஷ்டம்ப்பா, யாரை வேணா கூட்டிட்டு வரட்டும்" என்கிறாள். ஆகவே மேலே 'உன்னை அழைத்துப் போகிறேன்' என்று எழுதிய இடத்தில், 'என்னையும் அழைத்துப் போ' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். புதுச் சட்டை தைத்தாகிவிட்டது.