பெண்ணுக்குப் பூரண சம்மதம்

மேலகரம்

மரியாதைக்குரிய மச்சான் காந்திமதிநாதன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய இசக்கியப்பன் எழுதுவது. வீரகேரளம்புதூரில் தாங்களும் அக்காவும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சாரல் சுகம், அருவி சுகம், குரங்குகள் வெகு சுகம். நான்தான் சரியில்லை.

என் மகள், தங்கள் மருமகள் இசக்கிச்செல்வி, கடலே இல்லாத ஜில்லாவில் பிறந்து கடல் சட்டத்தில் ஆராய்ச்சி செய்வது தெரியும். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் மகன் விஜய்பாண்டி கப்பற்படை. இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியன் பார்ப்பான் என்று நானே பெண் பார்க்க வரச் சொன்னேன். வந்தவர்கள் முதலில் குற்றாலத்தில் இறங்கினார்கள். ஆண்கள் ஆசைதீரக் குளித்தார்கள், பெண்கள் பக்கத்து நெரிசலில் மாப்பிள்ளையின் அம்மா உலகம்மாள் தலைகூட நனையாமல் திரும்பினார், எங்களுக்குக் கொண்டுவந்த தட்டிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கையில் உலகம்மாள், "பொண்ணுக்குச் சம்மதந்தானா?" என்றார். "பூரண சம்மதம்"னு நான் சொன்னேன். பெத்தவன் சொல்லாம வேற யாரு சொல்லுவா? மண்டிக்காரர் சும்மா இருக்கமாட்டாம, "என்னம்மா படிக்கே?"ன்னு கேட்டுட்டார்.

"யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலைக் காப்பாத்த நாடுகள் கூடி ஒப்பந்தம் போடுதாவ, மாமா. அங்கன ஆம்பளைக் குரல்தான் ஓங்கியிருக்கு. மீன் விக்குத பொம்பளையக் கேக்கதில்ல. திமிங்கிலம், பவளம் எல்லாம் மனுசனுக்குச் சரக்கு. அதுவளும் ஒரு தரப்புதான்னு எழுதுதேன். கடலைக் கேக்காமலே கடலுக்காக எல்லாரும் கையெழுத்துப் போடுதாவ. இப்ப எங்கப்பா சொன்னாவல்லா, அந்த மாதிரி."

"அப்ப பழத்தக் கொண்டுபோன குரங்கும் ஒரு தரப்பா?"

"ஆமா மாமா. குளிக்க எடம் கெடைக்காத அத்தையுந்தான்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மச்சான், நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். மீன் எப்படிப் புகார் கொடுக்கும்? யாரு கைநாட்டு வைக்க? அன்னையிலேருந்து அவ எங்கூடப் பேசல. ஒங்க தங்கச்சி ஆனந்தவள்ளி போன பெறகு இந்த வீட்டுல இருந்த ஒரே சத்தம் அவதான். இப்ப மிக்சி மட்டுந்தான் பேசுது. நான் கண்ண மூடிட்டா அவளுக்கு யாருன்னு பயமா இருக்கு. தாய்மாமன் சொல்லை யாரும் தட்டமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்து, பெண்ணுக்குச் சம்மதம் என்று தாங்களே புளியங்குடிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.

குற்றாலநாதர் தங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
இசக்கியப்பன்

பி.கு.: கவரை ஒட்டுமுன், எல்லாரையும் விசாரித்தாயிற்றா என்று யோசித்தேன், பழைய பழக்கம். ஒருத்தியை விட்டிருந்தேன். அடுப்படிக்குப் போய், "ஏட்டி, ஒனக்குச் சம்மதமா?" என்றேன். "இப்பதான் கேக்கிய" என்று அழுதாள். பிறகு, "வேண்டாம்ப்பா" என்றாள். தாங்கள் வர வேண்டாம். ஆனால் ஒன்று. எங்கள் கல்யாணத்தில் "பொண்ணுக்குப் பூரண சம்மதம்" என்று சொன்னது தாங்கள்தான். ஆனந்தவள்ளியைக் கேட்டீர்களா, மச்சான்?