கைமாற்றாகக் கொஞ்சம் பயம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலமாக இருக்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, பசி, தூக்கம் எல்லாம் ஒழுங்காக உள்ளன. அக்கா, அதுதான் இப்போது என் பிரச்சினை. அங்கு நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். மாமாவைப் பற்றி ஒரு வரி போதும். உன்னைப் பற்றி மட்டும் விரிவாக, உன் பயங்களில் ஒன்றையும் விடாமல் எழுதவும்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உனக்குக் காது கொஞ்சம் மந்தம், நான் கத்திச் சொன்னால் உன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் கேட்கும். விஷயம் என் மகள் காதுக்கு மட்டும் போகக் கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உனக்கே தெரியும், மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி மனோதத்துவம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். "சாப்டீங்களா, கேஸை மூடினீங்களா, வெச்சுடட்டுமா?" "சாப்டேன், மூடினேன், வெச்சுடும்மா." அவ்வளவுதான். அவள் அம்மா உயிரோடு இருந்தவரை இரண்டு பேரும் காது சூடாகும்வரை பேசுவார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது என் முறை வந்தபோது எனக்குப் பேசத் தெரியவில்லை. கிளினிக்கிலும் அதே கதைதான். பின்னறையில் பல்செட் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் பிளாஸ்டர் மாவில் வார்த்த வாய்கள், ஒரு வாயாவது 'என்னப்பா, எப்படி இருக்கே'ன்னு கேட்டதில்லை. டாக்டரம்மா 'கீழ் செட், அவசரம்'னு சீட்டு எழுதி அனுப்புவாங்க. ஒரு நாளைக்கு எனக்குன்னு வர்ற பேச்சு அதுதான், அதுவும் சீட்டு.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிறு, "அப்பா, ஒரு உதவி வேணும்"னா. படிப்புக்காக ஒரு ஆளை வாராவாரம் பேட்டி எடுத்து, அவரோட ஆளுமை எப்படிப்பட்டது, எதுக்குப் பதற்றப்படறார், அதை எப்படிச் சமாளிக்கறார்னு எழுதணுமாம். "உங்களுக்கு எதுல பயம்ப்பா?" உள்ளதைச் சொன்னேன், ஒண்ணுலயும் இல்லைன்னு. "ஓ, சரிப்பா, அப்போ வேற யாரையாவது பாத்துக்கறேன்"னு வெக்கப் போனா. வெச்சுட்டா அப்புறம் அடுத்த ஞாயிறுதான். அடுப்பு மேல எது கண்ணுல பட்டுதோ அதைச் சொல்லிட்டேன். "குக்கர்!"

அடடா, அன்னிக்கு அவ பேசினா பாரு! எப்ப இருந்து பயம், விசில் வந்தா நெஞ்சுல என்ன ஆகும், சின்ன வயசுல வீட்டுல குக்கர் வெடிச்சுதா? நம்ம வீட்டுல அப்போ குக்கரே கிடையாது, பக்கத்து வீட்டுக் குக்கரை வாங்கி வாயாலயே வெடிக்க வெச்சேன். நாய்க்கு மணியடிச்சு எச்சில் ஊற வெச்ச விஞ்ஞானி ஒருத்தர் இருந்தாராம். அந்த வழியில வந்தவங்க கணக்குப்படி பயமும் பழக்கத்துல ஒட்டிக்கறதுதான், பழக்கத்துலயே கழட்டிடலாமாம். தினமும் குக்கர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி நின்னு, பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு எழுதி வெக்கச் சொன்னா. எழுதினேன். ஆனா அடுத்த வாரம் பேச்சு சுவாரசியத்துல குக்கர் விசிலடிச்சதையே கவனிக்கலை. "அப்பா, விசில் வந்துதே, பயமா இல்லையா?"ன்னு கேட்டா. மாட்டிக்கிட்டேன். உடனே ஒரு அலறல் அலறினேன் பாரு, கீழ் வீட்டு டியூஷன் வாத்தியார் வீடு தீப்பிடிச்சுதுன்னு வாளித் தண்ணியோட மாடியேறி வந்து, நெருப்பு எதையும் காணாம, சுமந்து வந்ததை வீணாக்க மனசில்லாம என் தலையில ஊத்திட்டார்.

ஒரே பயத்தை வெச்சு எத்தனை நாள் ஓட்டறது? லைப்ரரில இருந்து மனோதத்துவத் தடிப் புத்தகம் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். அதுல தாடி வெச்ச டாக்டர் ஒருத்தர் சொல்றார், ஒவ்வொரு மனுஷனுக்குள்ளயும் மூணு பேர் இருக்காங்களாம். 'அது'ன்னு ஒண்ணு, வேணும் வேணும்னு அடம் பிடிக்கும். 'மேல்நான்'னு ஒருத்தர், கூடாது கூடாதுன்னு பிரம்போட நிப்பார். நடுவுல 'நான்', ரெண்டு பக்கமும் உதை வாங்கற ஆள். படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம் அக்கா, வீட்டுல மூணு பேர் இருக்கோமேன்னு. ஆனா போன வருஷம் காய்ச்சல்ல படுத்தப்போ அந்த மூணு பேர்ல ஒருத்தனும் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்கலையே. சரி, டாக்டர் கனவை நம்பறவராச்சேன்னு, பல்லெல்லாம் கொட்டிப் போற மாதிரி கனவு வந்துதுன்னு மகள்கிட்ட அளந்து விட்டேன். அவ சட்டுன்னு, "அங்க மழையாப்பா?"ன்னு கேட்டா. அப்புறம்தான் நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பல்லுக் கனவுக்கு அந்த மனுஷன் சொல்ற பச்சையான அர்த்தத்தை ஒரு பொண்ணு அப்பன்கிட்ட எப்படிச் சொல்வா? ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இருமினோம்.

கனவை விட்டுட்டுக் குணத்துக்கு வந்தோம். மனுஷன் குணத்தை அஞ்சே அளவுகோல்ல அளந்துடலாம்னு இன்னொரு கட்சி. அதுல கலகலப்புல நான் பெயில். அதுக்கு வீட்டுப்பாடம், பார்க்குக்குப் போய் முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட பேசணும். போனேன். ஒரு பெரியவர் தன் கூட்டாளிகளோட உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிச்சுட்டு இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, என் கைவேலை! முன்பல் ரெண்டை நான்தான் லேசா சாய்ச்சு வெச்சிருந்தேன், அசல் மாதிரி இருக்கட்டும்னு. பெத்த பிள்ளையைப் பார்த்த மாதிரி ஓடிப்போய், "ஐயா, மேல் செட் ஆடுதுங்களா?"ன்னு கேட்டுட்டேன். மனுஷன் அதுவரைக்கும் எல்லாம் சொந்தப் பல்லுன்னு சொல்லிட்டு இருந்திருக்கார். என்ன திட்டினார்னு எழுத மாட்டேன், ஆனா ஒரு எழுத்துகூடக் குழறாம திட்டினார், செட் அவ்வளவு கச்சிதம். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா, வெச்சது வெச்ச இடத்துல இருந்துது. நடந்ததைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்தச் சிரிப்பை உள்ளயே வெச்சுட்டு இருந்தேன் அக்கா, மகள்கிட்ட சொல்லும்போது அது சிரிப்பா வரலை.

அதைக் கேட்டதுமே அவ இடியைத் தூக்கிப் போட்டுட்டா. "அப்பா, நீங்க ரொம்பத் தேறிட்டீங்க. இத்தோட முடிச்சுக்கலாம்." குணமாயிட்டேனாம்! நான் குணமாகி என்ன பண்றது? மறுபடி சாப்டேன், மூடினேன், வெச்சுடும்மா. எனக்கு அது வேண்டாம் அக்கா, தாங்காது. அதனால உன்னைத்தான் மலை போல நம்பியிருக்கேன். எதுக்கெடுத்தாலும் 'ஐயோ'ன்னு நீ ஆரம்பிப்பியேன்னு உனக்கு 'ஐயோ அக்கா'ன்னே பேர் வெச்சுக் கேலி பண்ணினோமே, இப்போ அதோட அருமை தெரியுது. மாமா வரக் கொஞ்சம் நேரமானா ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போடுவியே, பூட்டின கதவைப் போய்ப் போய் இழுத்துப் பார்ப்பியே, அந்த நேரத்துல உனக்கு நெஞ்சுல, வயித்துல, கைகால்ல என்ன ஆகும்? விவரமா எழுது. உன்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கு, கைமாத்தா ஒண்ணு ரெண்டு குடுத்தா குறைஞ்சா போயிடும்? கொஞ்சம் முத்தினதா பார்த்து அனுப்பு, சட்டுன்னு குணமாகாம இருக்கணும்.

மாமாவுக்கு என் வணக்கங்களைத் தெரிவிக்கவும். நீங்கள் இருவரும் எல்லா நலன்களும் பெற்று, குறிப்பாக நீ இன்று போல் என்றும் பதறிக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும் என்று விரும்பும்,

நலத்தால் அவதிப்படும் உன் தம்பி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், மகள் கூப்பிட்டுட்டா. இன்னிக்கு ஞாயிறுகூட இல்லை. "அப்பா, உங்க குக்கர் பயத்தை நான் ஒரு நாளும் நம்பலை. ஹாஸ்டல் வார்டனைப் பத்தி எழுதி எப்பவோ குடுத்தாச்சு"ங்கறா. "அப்புறம் ஏம்மா வாராவாரம் என்னைக் கேட்டே?"ன்னேன். மூக்கை உறிஞ்சினா. அப்புறம், "இங்க எங்கிட்ட யாரும் பேசறதில்லைப்பா. உங்ககிட்ட பேசற அன்னிக்குத்தான் எனக்கு வாயே திறக்குது. பார்க்குல நீங்க அவமானப்பட்டதைக் கேட்டு மனசு கேக்கலை, அதான் முடிச்சுக்கலாம்னேன்"னு அழறா அக்கா. தூக்கத்துல பல்லைக் கடிக்கறாளாம், காலையில தாடையைத் திறக்க முடியலையாம், கிளாஸ் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடறாளாம். மூச்சை இழுத்து விடுன்னு அந்தத் தடிப் புத்தகத்துல எத்தனை வழி போட்டிருக்கான், எனக்கு ஒண்ணுகூட வாயில வரலை. நான் வரேன்னு மட்டும் சொன்னேன். காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறேன். நீ எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம், எனக்குச் சொந்தமாவே வந்துடுச்சு. தட்டுல போட்ட சோறு அப்படியே இருக்கு, பூட்டின கதவையே போய்ப் போய் இழுத்துப் பார்க்கறேன். இதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா நீ எப்படிக்கா ஒரு வாய் சோறு சாப்பிட்டே?